பத்தாம் நம்பர் சப்பாத்து

எங்கள் குழுவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அது ஆங்கிலத்தில் இருந்தது, நீளமாக இருந்தது, நாலு பேரில் ஒருத்தி பெண்ணாக இருந்தும் அதில் 'சகோதரர்கள்' என்று வந்தது. நாலு பேருக்கும் நாலு தகப்பன்மார். ஒருவர் கண்டிக் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி. ஒருவர் யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார். ஒருவர் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிற்சாலையில் டீமேக்கர். ஒருவர் மாநகரசபையில் தண்ணீர்க் குழாய் பழுதுபார்ப்பவர். கடைசியில் சொன்னவர் என் அப்பா. இந்த நாலு பேரும் தங்கள் வாழ்நாளில் ஒரு தடவைகூட ஒருவரையொருவர் சந்தித்ததில்லை. சந்தித்திருந்தால் எங்களை வரிசையாக நிறுத்தி உதைத்திருப்பார்கள்.

எழுபத்தேழுக் கலவரம் அடங்கி ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கதவு திறந்துவிடப்பட்டு, கண்டிக் கடைகளில் ஜப்பான் கசெட் ரெக்கோடர்கள் வந்து குவிந்தன. யாருடைய கடை எரிந்தது, யார் எரித்தார்கள் என்ற பேச்சை எல்லோரும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு டிஸ்கோ கேட்கத் தொடங்கினார்கள். டிஸ்கோ என்றால் என்னவென்று யாருக்கும் சரியாகத் தெரியாது. பாட்டு வேகமாக இருக்க வேண்டும், சட்டை மினுங்க வேண்டும், அடி நடுவில் நிற்கக் கூடாது, இந்த மூன்றும் இருந்தால் டிஸ்கோதான் என்று புடவைக்கடை முதலாளியின் மூத்த மகன் தீர்ப்புச் சொன்னான். அவனுக்குச் சிங்கப்பூரில் ஒரு சாச்சா, தகப்பனின் தம்பி, இருந்தார். ஆகவே அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நாங்களும் நம்பினோம்.

அவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவன். குழு தொடங்கிய மறுநாளே தன்னைத் 'தலைவர்' என்று கூப்பிடச் சொன்னான். தலைமுடியைச் சுருட்டிக் குடைபோல விரித்து வைத்திருந்தான். மழைக்காலத்தில் அது அப்படியே அமர்ந்துபோகும், கண்டியில் மழைக்காலம் நீளம். குரல் சுமார். ஆனால் மைக் அவனுடையது, ஒலிபெருக்கி அவனுடையது, பயிற்சி செய்யும் இடம் அவனுடைய வாப்பாவின் கடை மேல்மாடி. அதனால் எல்லாப் பாட்டிலும் அவனே முன்னால் நின்றான்.

நான் மஹய்யாவவிலிருந்து தினமும் நடந்து வந்து ஒரு புத்தகக்கடையில் கொப்பி விற்றுக்கொண்டிருந்தேன். உயரம் ஐந்தடி இரண்டங்குலம். குழுவில் என் வேலை, தலைவர் ஒரு வரி பாடி மூச்சு வாங்கும்போது இடையில் 'ஊ' என்றோ 'ஆ' என்றோ இழுப்பது. எங்கே ஊ, எங்கே ஆ என்பதைத் தலைவர் ஒரு கொப்பியில் சிவப்பு மையால் குறித்துத் தருவான். ஆறு வருஷம் இந்த இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு நான் என்னை ஒரு பாடகன் என்று நம்பியிருக்கிறேன். அம்மாவும் நம்பினார். அக்கம்பக்கத்தில் சொல்லியும் வைத்தார்.

டீமேக்கரின் மகள், எங்கள் கலஹாப் பிள்ளை, தட்டெழுத்துப் படிக்கக் கண்டிக்கு வந்துகொண்டிருந்தவள். தேவாலயக் கூட்டுப்பாடலில் பழகிய குரல். எங்கள் நாலு பேரிலும் உண்மையாகவே பாடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இதை நாங்கள் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டோம். ஆகவே முதல் நாளே அவளைப் பின்வரிசையில் நிறுத்திவிட்டோம். பொம்பிளைப் பிள்ளையை முன்னால் விட்டால் சனம் பாட்டைக் கவனிக்காது என்று தலைவர் காரணம் சொன்னான். சனம் பாட்டைக் கவனித்துவிட்டால் தன் கதி என்னவாகும் என்பதை அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, ஏனென்றால் பின்வரிசைக்கு ஆள் கிடைத்ததில் நான் ஒரு வரிசை முன்னே வந்திருந்தேன். அவள் பின்னால் போய் நின்றாள். பயிற்சி முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடிவிடுவாள்.

நாலாவது ஆளை நான்தான் கண்டுபிடித்தேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன், இப்போது அதிலும் சந்தேகம் இருக்கிறது. புத்தகக்கடைக்கு வந்த ஒரு பார்சலை எடுக்கத் தபால்கந்தோரில் வரிசையில் நின்றேன். கம்பிக்குப் பின்னால் ஒரு யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். மைப்பெட்டியில் ஒன்று, கடிதத்தில் ஒன்று. மைப்பெட்டி, கடிதம், மைப்பெட்டி, கடிதம். ஒரு அம்மா வந்து ஏதோ கேட்டார். அவர் பதில் சொன்னார், கை நிற்கவில்லை. ஒரு பியோன் வந்து தேநீர் வைத்தான். இடக்கையால் எடுத்துக் குடித்தார், வலக்கை நிற்கவில்லை. அடி ஒரு மயிரிழை பிசகவில்லை. என் முறை வந்தபோது பார்சலை மறந்துவிட்டு, "அண்ணே, நீங்க பாடுவீங்களா?" என்று கேட்டேன்.

"தேவாரம் பாடுவன். ஏன்?"

"டிஸ்கோ பாடணும்."

கையை நிறுத்தாமலே யோசித்தார். "அதுக்கு வேற தொண்டை வேணுமோ?"

"இல்ல, இதே தொண்டைதான்."

"அப்ப வாறன்" என்றார். பார்சலுக்கான துண்டிலும் முத்திரை விழுந்தது.

எங்களைவிட ஆறேழு வயது மூத்தவர். போர்டிங்கில் தனியாக இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் தேவாரம், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு டிஸ்கோ. நாங்கள் அவரைத் தபால் அண்ணன் என்போம். அவருடைய குரல் அடிவயிற்றிலிருந்து வரும், வந்தால் மேல்மாடிப் பலகை அதிரும். ஆனால் எங்களுக்கு அவருடைய குரலைவிட அடிதான் தேவைப்பட்டது. எங்களிடம் டிரம் கிடையாது, அடிப்பவனும் கிடையாது. கலஹாப் பிள்ளையின் அப்பா தொழிற்சாலையில் உடைசலாகக் கிடந்த ஒரு தேயிலைப் பெட்டியை அனுப்பிவைத்தார். அதைக் கவிழ்த்துப் போட்டு, தபால் அண்ணனை அதன்மேல் ஏற்றிவிட்டோம். பாடிக்கொண்டே குதியால் பெட்டியை அடிப்பார். மைப்பெட்டி, கடிதம், மைப்பெட்டி, கடிதம். கசெட்டில் கேட்ட அதே அடி.

சப்பாத்து வந்தது அப்போதுதான். சிங்கப்பூர்ச் சாச்சா தலைவருக்கென்று ஒரு சோடி அனுப்பியிருந்தார். வெள்ளை நிறம், வெள்ளிக் கொளுக்கி, இரண்டரை அங்குலத்துக்கு மரக்குதி. பத்தாம் நம்பர். தலைவருக்கு எட்டாம் நம்பர் கால். அவன் அதைப் போட்டு நடந்து பார்த்தான். சப்பாத்து ஒரு பக்கம் போனது, அவன் ஒரு பக்கம் போனான். மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டுத் தபால் அண்ணனிடம் கொடுத்தான். அவருக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. அந்தக் குதியால் அடித்தால் மைக் இல்லாமலே கடைசிக் கதிரை வரைக்கும் கேட்டது. நான் அந்தச் சப்பாத்தை எவ்வளவு ஆசையோடு பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டரை அங்குலம் என்பது அவருக்கு ஓசை, எனக்கு உயரம்.

சட்டைகள் வந்த விதமும் இப்படித்தான். மினுங்கும் துணி கடையில் இருந்தது, ஆனால் தலைவருக்கு அந்த மினுக்கம் போதவில்லை. தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளை டீமேக்கரிடம் கேட்டு வாங்கி, துணியில் பசை போட்டு ஒட்டி, நாலு பேருக்கும் தைத்தோம். விளக்குக்கு முன்னால் நின்றால் கண் கூசியது உண்மை. ஆனால் கையைத் தூக்கினால் சரசர என்றது, அந்தச் சரசரப்பையும் மைக் பிடித்தது. இரண்டு பாட்டு முடிவதற்குள் உள்ளே நாங்கள் அவிந்துபோவோம். ஒரு கல்யாணத்தில் தலைவரின் கக்கம் கிழிந்து ஈயத்தாள் துண்டுகள் பறந்துபோய் முன்மேசைப் புரியாணியில் விழுந்தன. மாப்பிள்ளை வீட்டார் அதை விசேட அலங்காரம் என்று நினைத்து மரியாதையாகச் சாப்பிட்டார்கள்.

இப்படியெல்லாம் இருந்தும் நாங்கள் மேலே போனோம். அதுதான் இன்றைக்கும் எனக்கு விளங்காதது. பேராதனையில் பாடினோம், கம்பளையில் பாடினோம், மலைமேல் இருந்த ஒரு ஹோட்டலில் வெள்ளைக்காரர்களுக்கு முன்னால் அவர்களுடைய பாட்டையே பாடினோம். களியாட்ட விழாவொன்றில் இரண்டாம் தடவையும் பாடச் சொல்லிச் சனம் கத்தியது. ஒரு சிங்களப் பத்திரிகையில் படம் வந்தது: முன்னால் குடைமுடியோடு தலைவர், பக்கத்தில் நான், பின்னால் பெட்டிமேல் தபால் அண்ணன், அவருடைய முழங்கைக்குப் பின்னால் கலஹாப் பிள்ளையின் அரை முகம். கீழே, 'விழாவில் கூட்டத்தைக் கவர்ந்த மாயவித்தைக்காரர்கள்' என்று போட்டிருந்தார்கள். சட்டையைப் பார்த்து அப்படி நினைத்திருக்க வேண்டும். தலைவர் வெட்கப்படாமல் அதைச் சட்டம் போட்டுக் கடை மாடிப்படியில் மாட்டினான்.

நாங்கள் யார் என்று கேட்பவர்களுக்குத் தலைவர் ஆங்கிலத்தில் ஏதாவது சொல்லிச் சமாளிப்பான். தமிழ் என்று சொல்ல மாட்டான், இல்லை என்றும் சொல்ல மாட்டான். அந்தச் சட்டைக்குள் நின்றபோது எங்களுக்கே அது கொஞ்சம் மறந்துதான் இருந்தது. எண்பத்திமூன்று ஜூலையில் ஞாபகப்படுத்தினார்கள்.

கண்டிக் கடைத்தெரு எரிந்த அன்று தபால் அண்ணன் போர்டிங்கின் பின்மதிலால் குதித்து வந்து புடவைக்கடைக் களஞ்சியத்துக்குள் ஒளிந்தார். முதலாளியே கதவைத் திறந்துவிட்டார் என்பதைச் சொல்ல வேண்டும்; எங்களை உதைத்திருப்பார் என்று மேலே எழுதிய மனிதர்தான். மூன்று நாள் சீத்தைத் துணிச் சுருள்களுக்கு நடுவே தபால் அண்ணன் படுத்திருந்தார். போர்டிங்கிலிருந்து எடுத்து வந்தது இரண்டே சாமான், அடையாள அட்டையும் அந்தச் சப்பாத்தும். நானும் என் வீட்டாரும் எங்கள் தெருவில் கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தோம். நாலாம் நாள் அவரை அகதி முகாமாக மாறியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். அங்கிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து கப்பலில் வடக்கு.

முகாம் வாசலில் நான் போய்ப் பார்த்தேன். இரவல் சாரம், இரண்டு அளவு சிறிய சட்டை, கையில் வெள்ளைச் சப்பாத்து. அந்த இடத்தில் அதைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"தம்பி, இதைக் கவனமா வைச்சிரும்" என்றார். "அங்க கொண்டுபோய் நான் என்ன செய்யிறது? வந்து போடுறன். என்ர இடத்துக்கு ஒருத்தரையும் எடுத்துப்போடாதேங்கோ."

"யாரண்ணே எடுக்கப்போறாங்க? உங்க இடம் அப்படியே இருக்கும்."

வேறென்ன சொல்வது? புறப்படுகிற மனிதரிடம் நாம் இப்படித்தான் சொல்வோம். துபாய்க்குப் போகிறவனிடம், மாற்றலாகிப் போகிறவரிடம், ஆஸ்பத்திரிக்குப் போகிறவரிடம்கூட. சொல்பவர் அதை நினைத்துச் சொல்வதில்லை, கேட்பவரும் அதை அப்படியே நம்பிவிடுவதில்லை. தபால் அண்ணன் நம்பினார்.

ஆறு வாரத்தில் அவருடைய இடத்தில் ஒரு மின்சாரப் பெட்டி வந்து உட்கார்ந்தது. சிங்கப்பூர்ச் சாச்சாதான் அனுப்பினார். பொத்தானை அமுக்கினால் டிரம் அடிக்கும். "ஆளே வாணாம் மச்சான், பெட்டி இரிக்கி" என்றான் தலைவர். அதைத் தேயிலைப் பெட்டியின் மேலேயே வைத்து, தூசு படாமல் ஒரு பூவேலைத் துணியும் போட்டோம். சாப்பாடு கேட்காது, போர்டிங் வேண்டாம், எந்த ஊர்க்காரன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். காலத்துக்கு ஏற்ற ஆள்.

ஆனால் டிஸ்கோவின் காலம் போய்க்கொண்டிருந்தது. ஊரடங்குச் சட்டம் வரும் போகும், எப்போது வரும் என்று தெரியாது. கல்யாணக்காரர்கள் எல்லாவற்றையும் பகலிலேயே முடித்துக்கொண்டார்கள். ஆகவே நாங்கள் காலை பத்து மணிக்கு டிஸ்கோ பாடினோம். ஜன்னல் வழியாக வெயில் விழும், ஈயத்தாள் அங்கங்கே உரிந்த சட்டைக்குள் நாலுக்குப் பதில் மூன்று பேர் நிற்போம், எதிரே ஆட்கள் இடியாப்பம் சாப்பிடுவார்கள். பிறகு ஆங்கிலப் பாட்டு வேண்டாம், சினிமாப் பாட்டுப் பாடுங்கள் என்றார்கள். பிறகு சத்தம் குறைவாகப் பாடுங்கள் என்றார்கள். கடைசியில் அறிவிப்புகளுக்கு மைக் மட்டும் கேட்டார்கள்.

சப்பாத்து என் அலுமாரியில் இருந்தது. முதல் வருஷம் தூசு தட்டி வைத்தேன். இரண்டாம் வருஷம் ஒருநாள் போட்டுப் பார்த்தேன். ஆறாம் நம்பர் கால் அதற்குள் போய்த் தொலைந்தது. முனையில் பழைய பேப்பரைக் கசக்கி அடைத்தேன். கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது ஐந்தடி நாலரை அங்குலம். அதன்பிறகு எல்லா மேடையிலும் அதைத்தான் போட்டேன். தலைவர் பார்த்தும் பாராததுபோல் மைக்கைத் தட்டிப் பார்த்தான். கலஹாப் பிள்ளை பார்த்துவிட்டு, "அது அவரோடதுதானே அண்ணே" என்றாள். வைத்திருந்தால் தோல் வெடித்துப்போகும், போட்டு நடந்தால்தான் நல்லது என்றேன். இப்படிப்பட்ட விளக்கங்கள் எனக்கு எப்போதும் கைவசம் இருந்தன.

தபால் அண்ணன் மாதம் ஒரு கடிதம் எழுதினார். அங்கேயும் தபால்கந்தோரில்தான் வேலை. கடிதத்தில் குண்டு, ஷெல் ஒன்றும் இருக்காது. புதிய பாட்டு ஏதும் எடுத்தீர்களா, பெட்டிக்கு ஆணி கழன்றிருந்ததே, அடித்தீர்களா, கலஹாத் தங்கச்சியின் குரல் எப்படி, இப்படியே போய் முடிவில் ஒரே கேள்வி இருக்கும்: 'எனது இடம் இருக்கிறதா?' ஒவ்வொரு தடவையும் நான் பதில் எழுதினேன். 'உங்கள் இடம் அப்படியே இருக்கிறது. எல்லோரும் உங்களை எதிர்பார்க்கிறோம்.' எழுதும்போது குற்ற உணர்ச்சி ஒன்றும் வரவில்லை. அவர் வரமாட்டார் என்பது எனக்கு உறுதி. வடக்கிலிருந்து யார் இங்கே வருவார்கள்? நல்ல வார்த்தை எழுதினால் மனிதருக்கு ஆறுதல்தானே.

அவர் மாற்றலுக்கு எழுதிப் போட்டிருந்தார். தமிழ் உத்தியோகத்தர்கள் எல்லோரும் தெற்கிலிருந்து வடக்குக்கு மாற்றல் கேட்டு ஒற்றைக் காலில் நின்ற காலத்தில், நாடு முழுக்க வடக்கிலிருந்து கண்டிக்கு மாற்றல் கேட்ட ஒரே தமிழர் அவராகத்தான் இருந்திருப்பார். இங்கே ஒரு கிளாக்கர் ஊருக்குப் போக வழி தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தவர், இடம் மாறிக்கொள்ள ஆள் கிடைத்துவிட்டதென்று கோயிலில் தேங்காய் உடைத்தாராம். தபால் அண்ணன் இதை எங்களுக்கு எழுதவில்லை. சொல்லாமல் வந்து நின்று ஆச்சரியப்படுத்த நினைத்திருக்கிறார்.

எண்பத்தைந்தில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கண்டியில் இறங்கி, பழைய போர்டிங்கிலேயே அறை எடுத்தார். சனிக்கிழமை விடிந்ததும் பொலிஸ் சுற்றிவளைப்பு. போர்டிங்கில் இருந்த ஒரே தமிழர் அவர். அட்டையில் யாழ்ப்பாணம், நேற்றுத்தான் வந்திருக்கிறார். எல்லோரும் அங்கே ஓடுகிற நேரத்தில் நீ மட்டும் ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். டிஸ்கோ பாட வந்தேன் என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

போர்டிங்கார அம்மா சிங்களப் பெண்மணி, நல்ல மனுஷி. மூச்சிரைக்கப் புடவைக்கடைக்கு வந்தார். அன்று பத்து மணிக்குப் பெரிய வியாபாரி ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் எங்களுக்குப் பாட்டு. கடை வாசலில் வான் வண்டிக்குள் மின்சாரப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தோம். உங்கள் ஆளைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், கூடப் பாடியவர்கள் யாராவது வந்து சொன்னால் விடுவார்களாம், மத்தியானத்துக்குமேல் வேறெங்கோ கொண்டுபோகப்போகிறார்களாம் என்றார். அந்த நாட்களில் வேறெங்கோ கொண்டுபோனால் என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "பாட்ட முடிச்சிட்டுப் போவோம் மச்சான். வாப்பாட கூட்டாளிட ஊட்டுக் கல்யாணம், வராட்டி வாப்பாக்குத்தான் பேச்சு. அதுக்குள்ள ஒண்டும் ஆகாது."

"அதுக்குள்ள அவர கொண்டு போயிட்டாங்கன்னா?" என்றாள் கலஹாப் பிள்ளை.

தலைவர் என்னைப் பார்த்தான். நான் கீழே பார்த்தேன். காலில் வெள்ளைச் சப்பாத்து.

அவள் வானிலிருந்து இறங்கினாள். "அண்ணே, நீங்க வரலியா?"

"நான் போனா என்னையும் வச்சிக்குவாங்க."

"நானும் தமிழ்தானே அண்ணே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். மாடிப்படிக்குப் போய்ச் சுவரிலிருந்த பத்திரிகைப் படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு, போர்டிங்கார அம்மாவோடு நடந்தாள். நான் வானில் ஏறினேன். எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். இத்தனை வருஷமாக இதற்கும் ஒரு விளக்கம் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

பொலிஸில் நடந்ததை அவள் சில மாதம் கழித்துக் கலஹா பஸ்ஸில் எனக்குச் சொன்னாள். அங்கிருந்த அதிகாரி படத்தை வாங்கிக் கீழே இருந்ததை வாசித்திருக்கிறார். மாயவித்தைக்காரர்கள். "டிஸ்கோ என்றான், இதில் வித்தை என்று இருக்கிறதே. சரி, ஒரு வித்தை காட்டச் சொல்லு" என்றாராம் சிங்களத்தில். இவள் பத்திரிகைக்காரன் செய்த பிழையை விளக்கப் பார்த்திருக்கிறாள். விளக்க விளக்க அவர் முகம் இறுகியிருக்கிறது. பிறகு இவள் விளக்குவதை விட்டுவிட்டு, பாடிக் காட்டட்டுமா என்று கேட்டாளாம்.

தபால் அண்ணனைக் கூட்டிவந்து ஒரு மர வாங்கின்மேல் ஏற்றினார்கள். ஒரு கண் வீங்கியிருந்தது, காலில் ஒன்றுமில்லை. வெறுங்குதியால் வாங்கை அடிக்கத் தொடங்கினார். மைப்பெட்டி, கடிதம், மைப்பெட்டி, கடிதம். இவள் அவருக்கு முன்னால் நின்று, ஆறு வருஷம் பின்வரிசையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த தலைவரின் பாட்டை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும் பாடியிருக்கிறாள். இரண்டு வருஷம் சேர்ந்து பாடாத இருவர், ஓரிடத்தில் பிசகவில்லையாம். மூலையில் தட்டெழுத்து அடித்துக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தானாம். அதிகாரி முதலில் சிரித்தார், பிறகு சிரிக்காமல் கேட்டார். முடிந்ததும், இப்படிப்பட்டவனை எந்த இயக்கமும் சேர்த்துக்கொள்ளாது என்று சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்.

"அன்னைக்குத்தாண்ணே நான் மொத தடவ முன்னுக்கு நின்னு பாடுனேன்" என்றாள். பஸ் குலுங்கியதில் நான் வெளியே பார்ப்பதுபோல் இருந்துகொண்டேன்.

ஆனால் அன்று எனக்கு இதொன்றும் தெரியாது. கல்யாண வீட்டில் மூன்று பாட்டுப் பாடினோம். கலஹாப் பிள்ளை இல்லாததால் அவளுடைய இடங்களிலும் நானே ஊ, ஆ போட்டேன். சனம் கைதட்டியது. இரண்டு மணிக்குக் கடை மேல்மாடிக்குத் திரும்பி வந்து, மின்சாரப் பெட்டியைத் தேயிலைப் பெட்டிமேல் வைத்துத் துணியைப் போட்டோம். நான் சப்பாத்தைக் கழற்றவில்லை. தலைவர், இனிப் பொலிஸ் பக்கம் போய்ப் பார்ப்போமா என்று ஆரம்பித்த நேரம், படியில் நொண்டி நொண்டி ஏறும் சத்தம் கேட்டது.

தபால் அண்ணன் யாரோ கொடுத்த ரப்பர் செருப்போடு வந்து நின்றார். வலக்குதி வெடித்திருந்தது. எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு தன் இடத்தைப் பார்த்தார். துணியைத் தூக்கி, பெட்டியில் ஒரு பொத்தானை அமுக்கினார். அது அடித்தது. தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார், தொழில்காரர் இன்னொரு தொழில்காரரைக் கேட்பதுபோல. "பிசகேல்லை" என்று சொல்லி நிறுத்தினார்.

"சாப்பிட்டீங்களா அண்ணன்?" என்றான் தலைவர். அவர் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கதிரையில் உட்கார்ந்து கழற்றினேன். கொளுக்கி லேசில் விடவில்லை. இரண்டையும் எடுத்து நீட்டினேன். அவர் வாங்கி, உள்ளே விரலை விட்டுக் கசங்கிய பேப்பரை ஒவ்வொன்றாக எடுத்துத் தேயிலைப் பெட்டியின் ஓரத்தில் வைத்தார். இரண்டு சப்பாத்திலும் சேர்த்து ஏழு உருண்டை இருந்தது. அடைத்தபோது இவ்வளவு அடைத்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இடமில்லை எண்டு ஒரு வரி எழுதியிருக்கலாமே தம்பி" என்றார். "நான் தபால்கந்தோர்காரன். எனக்கு வந்து சேர்ந்திருக்கும்."

சப்பாத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.